அனாமத்து

மாலையில் கல்லாவை எண்ணி முடிக்கும்போது பணம் குறைந்தால் எனக்கு அவ்வளவு பயம் கிடையாது. யாருக்கோ கூடுதலாகக் கொடுத்துவிட்டேன், என் சம்பளத்தில் பிடிப்பார்கள், தலைவலியோடு போயிற்று. கூடினால்தான் வயிற்றைக் கலக்கும். 28 வருடம் காசாளராக உட்கார்ந்தவள் சொல்கிறேன்: கல்லாவில் பணம் கூடுகிறது என்றால், எங்கோ ஒருவர் வீட்டில் உட்கார்ந்து குறைவாக எண்ணிக்கொண்டிருக்கிறார். திரும்பத் திரும்ப எண்ணுகிறார். என்னைத் திட்டினாலும் பரவாயில்லை, தன் வீட்டுப் பிள்ளையைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தால்?

கணக்கு எழுதுகிறவர்கள் இதற்கென்று ஒரு தலைப்பு வைத்திருக்கிறார்கள். அனாமத்துக் கணக்கு. இப்போதைய பிள்ளைகள் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்பார்கள். வந்த பணம் யாருடையது என்று தெரியும்வரை அங்கே போட்டு வைக்க வேண்டும். அதை வருமானத்தில் சேர்க்கக் கூடாது. யாருக்கோ நாம் தர வேண்டிய பாக்கியாக, பொறுப்புகள் பக்கத்தில்தான் எழுத வேண்டும். பெயர் தெரியாத ஒருவரிடம் பட்ட கடன்.

அந்தச் சொல் வந்த வழியும் வேடிக்கையானது. அமானத் என்றால் அரபியில் நம்பி ஒப்படைத்த பொருள். தமிழுக்கு வந்து அனாமத்து ஆனது. கணக்குப் புத்தகத்துக்குள் இருக்கும்வரை பழைய பொருளில் ஓரளவு ஒழுங்காகத்தான் இருந்தது. பேச்சுக்குள் இறங்கியதும், 'அனாமத்தா கிடக்கு' என்றால் கேட்பாரற்றுக் கிடக்கிறது என்றாகிவிட்டது. நம்பி வைத்தது, யாருடையதும் இல்லாததாக மாறிவிட்டது. தரையில் கிடக்கும் பணத்தைக் குனிந்து எடுத்து நிமிர்வதற்குள் நம் மனசும் இதே தூரத்தைக் கடந்துவிடுகிறது.

எனக்கு அப்படிக் கிடைத்தது ஒரு பழுப்பு நிற உறை. வேலைக்குச் சேர்ந்து ஐந்தாறு வருடம் இருக்கும். கவுண்டரை மூடிவிட்டுக் கிளம்பும்போது, வருகிறவர்கள் உட்காரும் நீள பெஞ்சின் அடியில் கிடந்தது. பச்சை ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. உள்ளே எல்லாம் ஒரே மதிப்புள்ள நோட்டுகள். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. பென்சிலில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏழு எண்கள்: 5, 8, 4, 9, 7, 6, 7. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒற்றை எழுத்து, பெயரின் முதலெழுத்தாக இருக்க வேண்டும். கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே 47.

நோட்டுகளை எண்ணினேன். 46. மறுபடி எண்ணினேன். 46தான்.

முதலில் எண்ணினேன் என்பதைக் கவனியுங்கள். யாருடையது என்று யோசிப்பதற்கு முன்பே எண்ணிவிட்டேன். தொழில் பழக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். தொழில் பழக்கம் மட்டும்தானா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

மேலாளர் இன்னும் கிளம்பவில்லை. அவரிடம் கொண்டுபோனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "யாராவது பார்த்தாங்களா?" இரண்டாவது, "எவ்வளவு இருக்கு?" அப்புறம், "சரி, என்கிட்ட கொடுத்துட்டுப் போங்கம்மா, நான் பார்த்துக்கறேன்." நான், "ரசீது ஒண்ணு கொடுங்க சார்" என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கடைசியில் உறையை ஒட்டி, மேலே 46 என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு இரும்புப் பெட்டிக்குள் வைத்தோம். அவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அந்த இரண்டு கேள்விகளும் என் மனசுக்குள்ளும் அதே வரிசையில்தான் வந்தன. அவர் வாய்விட்டுக் கேட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

கிடைத்ததைச் சும்மா விட்டுக்கொடுக்காததில் எனக்கு ஒரு முன்னோடி உண்டு என்பது வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. 1722-ல் லண்டனில் நடந்த ஆர்மரி எதிர் டெலமிரி என்ற வழக்கு. புகைபோக்கி துடைக்கும் ஒரு சிறுவனுக்குக் கற்கள் பதித்த நகை ஒன்று கிடைக்கிறது. மதிப்புத் தெரிந்துகொள்ள ஒரு பொற்கொல்லர் கடைக்கு எடுத்துப்போகிறான். கடையில் வேலை பழகும் ஆள், எடை பார்ப்பதுபோல் வாங்கிக் கற்களைக் கழற்றிவிட்டு வெறும் சட்டத்தைத் திருப்பித் தருகிறான். சிறுவன் வழக்குப் போட்டு ஜெயித்தான். கண்டெடுத்தவன் உரிமையாளன் ஆகிவிட மாட்டான், ஆனால் உண்மையான உரிமையாளரைத் தவிர மற்ற எல்லோரையும்விட அவனுக்கே உரிமை அதிகம் என்று நீதிமன்றம் சொன்னது. 300 வருடமாக இந்தத் தீர்ப்பு சட்டக் கல்லூரிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதில் பிடித்தது சட்டம் இல்லை. கிடைத்த பொருளை 'நான் பார்த்துக்கறேன்' என்று வாங்கிக்கொள்ள எப்போதும் ஒரு ஆள் பக்கத்திலேயே நிற்பான் என்பது.

உரியவருக்காக எடுத்து வைப்பதா, நமக்கென்று எடுத்துக்கொள்வதா என்று பிரிக்க ஒவ்வொரு மரபும் ஏதோ ஒரு கோடு கிழித்திருக்கிறது. யூத சமயச் சட்டம் கிழித்த கோடு எனக்கு ரொம்பப் பிடித்தது. சிதறிக் கிடக்கும் காசு கண்டவருக்கு. ஆனால் மூன்று நாணயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் அறிவிக்க வேண்டும். சிதறிய காசுக்கு அடையாளம் சொல்ல முடியாது, தொலைத்தவரும் அதை மறந்து மனசைத் தேற்றியிருப்பார். அடுக்கியிருந்தால் ஒரு கை வைத்திருக்கிறது, அந்தக் கை திரும்பி வரும். மூன்று காசுக்கே அப்படி என்றால், என் உறையில் ரப்பர் பேண்டும் கூட்டல் கணக்கும் இருந்தன. இஸ்லாமியச் சட்டத்தில் கண்டெடுத்த பொருளுக்கு லுக்தா என்று பெயர். ஒரு வருடம் அறிவித்துக்கொண்டிருக்க வேண்டும், அதுவரை அது கண்டெடுத்தவர் கையில் அமானத். சொல்லின் பழைய பொருள் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. ஜப்பானில் காவல் நிலையத்தில் ஒப்படைத்து மூன்று மாதம் யாரும் வராவிட்டால் கண்டெடுத்தவருக்கு. உரியவர் வந்துவிட்டால், 5-லிருந்து 20 சதவீதம் வரை சன்மானம் கேட்கச் சட்டமே உரிமை தருகிறது. ஜெர்மனியில் காத்திருப்பு ஆறு மாதம். சன்மானம் முதல் 500 யூரோவுக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 3 சதவீதம். நேர்மைக்குக் கூலியா என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. நான் சுளிக்க மாட்டேன். பொருளைக் காப்பாற்றி, அலைந்து, விசாரித்து ஒப்படைப்பது வேலை. வேலைக்குக் கூலி உண்டு.

அடுத்த நாள் காலை, கவுண்டர் திறப்பதற்கு முன்பே அவர் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும். சட்டை கசங்கியிருந்தது, முதல் நாள் போட்ட சட்டையாக இருக்கலாம். கேட்பதற்கு முன்பே, "பழுப்பு கவர், பச்சை ரப்பர் பேண்டு" என்றார். "உள்ளே என்னங்க இருந்தது?" "ஒரு சீட்டு. 47 நோட்டு."

உறையைப் பிரித்து அவர் முன்னால் எண்ணினேன். 46. அவரே எண்ணினார். 46. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்புறம் உறையின் மேல் இருந்த இரண்டு கையெழுத்துகளையும் பார்த்தார். வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. தேவையும் இல்லை, கண்ணிலேயே இருந்தது. ராத்திரி தூங்காமல் பத்திரப்படுத்தியதற்கு இதுதான் கிடைக்கிறதா என்று எனக்குக் காது சூடாகிவிட்டது. முழு உறையையும் எடுத்துக்கொண்டவனை யாரும் பார்ப்பதில்லை. திருப்பித் தருகிறவள்தான் எண்ணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

சீட்டை அவர் பக்கம் தள்ளினேன். "கூட்டிப் பாருங்க" என்றேன். விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகக் கூட்டினார். மேலிருந்து கீழே ஒரு முறை. கீழிருந்து மேலே ஒரு முறை. மூன்றாவது முறை உதடு அசையக் கூட்டினார். 46தான். எழுதும்போது ஒன்று தவறியிருக்கிறது.

நன்றி சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. நோட்டுகளைப் பையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அப்புறம், "47ன்னு சொல்லிட்டேனே" என்றார், என்னிடம் இல்லை, தனக்குத்தானே. யாரிடமோ 47 தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். ஏழு பேரிடம் வாங்கியிருக்கிறார். இனி அந்த ஒரு நோட்டை அவர்தான் போட வேண்டும், அல்லது கூட்டல் தப்பு என்று யாரையாவது நம்ப வைக்க வேண்டும். அவர் போனபிறகு, என் பையிலிருந்து ஒன்றை வைத்திருக்கலாமோ என்று தோன்றியது. அப்படி வைத்திருந்தால் நான் முதலில் ஒன்றை எடுத்தேன் என்பது உறுதியாகியிருக்கும்! சீட்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். ரொம்ப நாள் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது.

அந்தக் காலத்தில் யாராவது கேட்டிருந்தால், உறை தடிமனாக இருந்தால் திரும்பி வராது, மெலிதாக இருந்தால் வரும் என்று சொல்லியிருப்பேன். நான் நினைத்தது தப்பு. 2019-ல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அலைன் கோன் என்பவரும் மூன்று பேரும் சேர்ந்து 40 நாடுகளில், 355 நகரங்களில், 17,303 பர்ஸ்களை 'தொலைத்திருக்கிறார்கள்'. உள்ளே இருப்பது வெளியே தெரியும் பர்ஸ். அதில் விசிட்டிங் கார்டு, கடைக்குப் போக எழுதிய பட்டியல், ஒரு சாவி. சிலவற்றில் பணம் இல்லை, சிலவற்றில் கொஞ்சம் பணம். பணம் இல்லாதவற்றில் 40 சதவீதத்துக்கு, எடுத்தவர் உரியவரைத் தொடர்புகொண்டார். பணம் இருந்தவற்றில் 51 சதவீதம். சந்தேகம் வந்து அமெரிக்கா, பிரிட்டன், போலந்து மூன்றிலும் இன்னும் பெரிய தொகையை வைத்துப் பார்த்தார்கள். அங்கே பணம் இல்லாதவற்றுக்கு 46, கொஞ்சம் இருந்தால் 61, நிறைய இருந்தால் 72. பணம் கூடக் கூட, திருப்புகிறவர்களும் கூடினார்கள். பொருளாதார நிபுணர்கள்கூட இதை எதிர்பார்க்கவில்லை. பிறர்மேல் அக்கறை ஒரு காரணம், 'நான் திருடி' என்று தன்னைத்தானே பார்க்கப் பிடிக்காதது இன்னொரு காரணம் என்று விளக்கம் சொன்னார்கள். வெறும் பர்ஸைக் குப்பையில் போட்டால் சோம்பேறித்தனம். பணத்தோடு எடுத்துக்கொண்டால் அதற்கு வேறு பெயர் ஆகிவிடுகிறது.

ஆய்வை நம்புகிறேன். ஆனால் ஒரு விஷயம். அந்தப் பர்ஸ்களை யாரும் ஆளில்லாத தெருவில் போட்டு வைக்கவில்லை. வங்கி, தபால் அலுவலகம், ஓட்டல், தியேட்டர் போன்ற இடங்களில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் கையில் கொடுத்து, 'வெளியே கிடந்தது, அவசரமாகப் போகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த மேசைக்குப் பின்னால் இருப்பவள் நான். கொடுத்தவர் முகம் ஞாபகம் இருக்கும், அவருக்கு என் முகம் ஞாபகம் இருக்கும். ஒரு ஜோடிக் கண் பார்த்துவிட்ட பணமும் யாருமே பார்க்காத பணமும் ஒன்றா? மேலாளரின் முதல் கேள்வியை அந்த ஆய்வு கேட்கவே இல்லை.

இப்போது பணம் கீழே விழுவதும் குறைந்துவிட்டது. தப்பான எண்ணுக்கு அனுப்பிய பணமாகக் கைப்பேசியில் வந்து விழுகிறது. இதில் பெரிய ஆட்களும் நம்மைப் போலத்தான். 2020 ஆகஸ்டில் சிட்டிபேங்க், ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்தின் சார்பில், அதற்குக் கடன் கொடுத்தவர்களுக்கு சுமார் 78 லட்சம் டாலர் வட்டி அனுப்புவதற்குப் பதிலாகக் கிட்டத்தட்ட 90 கோடி டாலர் அனுப்பிவிட்டது. சிலர் திருப்பிக் கொடுத்தார்கள். மற்றவர்கள், எங்களுக்கு வர வேண்டிய கடன்தானே, தவணை நாளுக்கு முன்பே வந்துவிட்டது என்று சுமார் 50 கோடியைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். 2021-ல் ஒரு நீதிபதி, வைத்துக்கொள்ளலாம் என்றார். 2022-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. கோட்டும் டையும் போட்டவர்களுக்கே அனாமத்துக்கும் வரவுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க இரண்டு வருடம் ஆகியிருக்கிறது. நமக்கு அப்படி வந்தால் ஒன்று மட்டும்: 'தெரியாம அனுப்பிட்டேன், இந்த நம்பருக்குத் திருப்பி அனுப்புங்க' என்று போன் வந்தால் நீங்களாக அனுப்பாதீர்கள். மோசடிப் பணம் கைமாறும் வழிகளில் அதுவும் ஒன்று. உங்கள் வங்கியிடம் சொல்லி, வந்த வழியிலேயே திருப்பச் சொல்லுங்கள்.

சரி, இவ்வளவு பேசுகிறவள் ஒரு தடவை எடுத்திருக்கிறேன்.

அப்போது வயது 19. விடுதி மாடிப்படித் திருப்பத்தில் நான்காக மடித்த நோட்டு ஒன்று கிடந்தது. எடுத்தேன். யாருடையது என்று தெரியாது, அதுவரை தப்பில்லை. 2024 வரை நடப்பில் இருந்த 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 403-ஆம் பிரிவில் இதற்கே உதாரணம் கொடுத்திருந்தது: யாருடையது என்று தெரியாத ஒரு நாணயத்தைச் சாலையில் எடுத்தவன் குற்றம் செய்யவில்லை. ஆனால் அதே பிரிவில், இன்னும் சில வரிகள் கீழே, வேறொருவன் இருக்கிறான். பர்ஸை எடுக்கும்போது யாருடையது என்று தெரியாது, பின்னால் தெரிந்துவிடுகிறது, அப்புறமும் தனக்கே வைத்துக்கொள்கிறான். அவன் குற்றவாளி. எடுத்த கை ஒன்றேதான். நடுவில் தெரிந்தது ஒன்றுதான் மாற்றம்.

எனக்கு அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. முதல் வருடப் பெண் ஒருத்தி, என் அறைக்கு இரண்டு அறை தள்ளி இருந்தவள், கதவருகே வந்து நின்றாள். "அக்கா, படிக்கட்டுல ஏதாவது பார்த்தீங்களா?"

'இல்லை' என்று நான் சொல்லவில்லை. இதை ரொம்ப காலம் எனக்குச் சாதகமாக வைத்துக்கொண்டிருந்தேன். நான் கேட்டது, "எப்போ விழுந்துச்சு?" அவள், "மத்தியானம் இருக்கும்க்கா" என்றாள். "அப்போ நான் கிளாஸ்ல இருந்தேனே." அதுவும் பொய் இல்லை. மத்தியானம் வகுப்பில்தான் இருந்தேன். நான் எடுத்தது மூன்றரை மணிக்கு.

அவள் போனதும் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் 'கிளாஸ்ல இருந்தேன்' என்று சொன்ன வாயால் பத்து நிமிடம் கழித்து என்ன சொல்வது? இப்போதுதான் கிடைத்தது என்று இன்னொன்றைச் சேர்க்க வேண்டும். அடுத்த நாள் கொடுத்தால், ஒரு ராத்திரி ஏன் வைத்திருந்தாய் என்பதற்கும் பதில் வேண்டும். ஒரு வாரம் கழித்தால் ஏழு ராத்திரிக்கு. பணம் அப்படியேதான் இருந்தது. அதோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியதுதான் நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டே போனது. பத்தாவது நாளோ என்னவோ செலவழித்தேன். எதற்கு என்று ஞாபகம் இல்லை. அவள் அந்த மாதம் ஒரு நீல நிறப் பாவாடையையே திரும்பத் திரும்பக் கட்டினாள் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாமலும் இருக்கலாம்.

சம்பளம் வாங்க ஆரம்பித்த வருடம் அந்தத் தொகையை நன்கொடைப் பெட்டி ஒன்றில் போட்டேன். நாலு பேர் இதைத்தான் செய்யச் சொல்வார்கள். போட்ட அன்றைக்கு நல்ல தூக்கம். ஆனால் கணக்கு எழுதுகிறவளுக்குத் தெரியாதா? ஒருவர் கணக்கில் வரவு வைக்க வேண்டியதை இன்னொருவர் கணக்கில் வைத்தால் இரண்டுமே தப்பான கணக்கு. கூட்டல் மட்டும் சரியாக வரும். அவள் பணத்தை நான் தானம் செய்திருக்கிறேன். புண்ணியம் என்று ஒன்று இருந்தால் அதுவும் அவளுடையது. அவளுக்கு அது தெரியவும் தெரியாது.

போன மாதம் அவளுடைய பெயரைத் தேடிப் பார்த்தேன். கிடைத்தது. முகம் அப்படியே இருக்கிறது, தலை நரைத்திருக்கிறது. பழைய தோழி ஒருத்தி மூலமாக எண் வாங்கினேன். உட்கார்ந்து வட்டி போட்டுப் பார்த்தேன். எந்த விகிதம் போடுவது? வங்கி விகிதமா, கைமாற்று விகிதமா? ஆண்டுக்கு ஒரு முறை வட்டியை அசலோடு சேர்ப்பதா, மூன்று மாதத்துக்கு ஒரு முறையா? ஒரு சாயங்காலம் முழுவதும் இதில் போயிற்று. செய்தியைத் தள்ளிப்போடத்தான் கணக்குப் போடுகிறேன் என்பது தாமதமாகத்தான் உறைத்தது.

நான்கு வரி எழுதினேன். படிக்கட்டு, நான்காக மடித்த நோட்டு, மூன்றரை மணி, நான்தான். எப்படி அனுப்பி வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். அனுப்பிவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

அவள் படித்துவிட்டாள் என்று நீலக் குறி காட்டுகிறது. பதினேழு நாள் ஆகிறது. பதில் வரவில்லை.